அண்ணனின் கம்ப்யூட்டருக்குக் காற்று

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் ஃபேன் வந்தது அண்ணனின் முதுகுக்காக. அதுவரை அந்த வீட்டில் ஃபேன் கிடையாது. வாங்க வக்கில்லாமல் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் தறி போட்டிருக்கும் வீடுகளில் கூடத்தில் யாரும் ஃபேன் ஓட்ட மாட்டார்கள். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் பாவில் காற்று அடித்தால் நூல் காய்ந்து அறுந்துவிடும், இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சித்திரை வெயிலில்கூட ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நெய்வார்கள். சேலைக்கு எது நல்லதோ அதுதான் சட்டம். நெய்கிறவன் உடம்பைப் பற்றி யாரும் பேசியதில்லை, நெய்கிறவனும் பேசியதில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்து, தறியை விட்டு ஓடி வந்துவிட்டேன் என்றே சொல்லலாம். அண்ணன் ஓடவில்லை. என்னைவிட நாலு வயது மூத்தவன். பதினாலு வயதில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப்போட்டவன், முப்பத்துமூன்று வயதில் ஒரு நாள் வாலாஜாபாத் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்தான். உயிர் பிழைத்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் அவனுடையதாக இல்லை. கிள்ளினால் தெரியாது, சுட்டால் தெரியாது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்துவிட்டு வந்தவனுக்கு வீட்டில் படுக்கைப் புண் வந்தது. முதுகு முடிகிற இடத்தில், உள்ளங்கையில் பாதி அளவு. அது ஆறுவதற்குள் எங்கள் மூன்று பேருக்கும் பாதி ஆயுள் போய்விட்டது. மூன்று பேர் என்றால் அம்மா, அண்ணன், நான். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆறின பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு வாட்டி புண்ணு வந்துச்சுன்னா ஆளக் காப்பாத்தறது கஷ்டம்பா. முதுகு ஈரமில்லாம காஞ்சிருக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி திருப்பிப் போடணும். தெனமும் டார்ச் அடிச்சு நீயே உன் கண்ணால பாக்கணும். அவருக்கு வலி தெரியாது, அவரு சொல்றத நம்பாத."

அதற்காக வாங்கியதுதான் அந்த ஸ்டாண்டு ஃபேன். அண்ணனின் கட்டில் பின்னறையில் இருந்தது. முன்பு நூல் சுற்றுவதற்கு வைத்திருந்த அறை, மேலே சிமென்ட் ஷீட்டு. பகலில் உள்ளே போனால் முகத்தில் அனல் அடிக்கும். ஃபேனை அவன் தலைமாட்டில், கை எட்டுகிற தூரத்தில் வைத்து முதுகைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். அம்மா உடனே அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டாள். காற்று பாவுப் பக்கம் போய்விடுமாம். எனக்கு அப்போதெல்லாம் நைட் ஷிப்டு. காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும். வந்ததும் டார்ச்சை எடுத்து அண்ணனின் முதுகைப் பார்ப்பது என் வேலை. பகலில் நெசவுக்கு நடுவே திருப்பிப் போடுவது அம்மாவின் வேலை.

புண் ஆறிய பிறகு அண்ணன் சாப்பிடுவதைக் குறைத்தான். ஒரு இட்லி, அரை டம்ளர் காபி. கேட்டால் பசியில்லை என்பான். ஒரு நாள் நான் கத்திவிட்டேன். அவன் சாவகாசமாகச் சொன்னான், "சாப்ட்டா யாரு கழுவறது? நீங்க ரெண்டு பேரும்தான? கொஞ்சமா சாப்ட்டா உங்களுக்கும் கொஞ்சமா வேலை." எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை நகர்த்திவிட்டு வெளியே போய்விட்டேன். அவன் சொன்னது பொய் என்றால் சண்டை போடலாம். பொய் இல்லையே.

அதற்குப் பின் ரொம்ப நாள் கழித்து அவனாக வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டேய், ஒரு கம்ப்யூட்டர் கட்டலாமா?"

விளையாட்டுக்குத்தான். எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறி லீவு. விழுவதற்கு முன்னால் அமாவாசை தவறாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கார் ரேஸ் விளையாடுவான். நெய்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்து போவார்கள், முப்பது வயது ஆட்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து. அம்மாவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவான். நடக்கவே முடியாதவன் இப்போது கார் ஓட்டணும் என்று கேட்கிறான். முடியாது என்று நான் எப்படிச் சொல்வது?

ரெடிமேடாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். கேட்கமாட்டேன் என்றுவிட்டான். "பார்ட்ஸா வாங்கிக்கினு வா. நானே மாட்டறேன். கை ரெண்டும் நல்லாத்தான இருக்குது?" கம்ப்யூட்டர் பத்திரிகை பழசு எங்கே கிடைக்குமோ அங்கேயெல்லாம் என்னை அலையவிட்டான். அதில் பாதி இங்கிலீஷ், அவன் எட்டாவதோடு நின்றவன். படத்தையும் நம்பரையும் வைத்துக்கொண்டே எது எதற்குப் பொருந்தும் என்று கண்டுபிடித்துவிடுவான். நூலைக் கையில் வாங்கியதும் இது எத்தனை இழை, முறுக்கு சரியா என்று பார்க்கிறவன்தானே. என்னைப் படிக்கச் சொல்லுவான். நான் ஷிப்டு முடித்துவிட்டு வந்து கண் எரிச்சலோடு "மெமரி", "பஸ் ஸ்பீடு" என்று படிப்பேன். பாதியில் தூங்கிவிழுவேன். புத்தகத்தை என் கையிலிருந்து மெதுவாக உருவி எடுத்துக்கொள்வான்.

கடைசியில் அவனையே நேரடியாகப் பேசச் சொல்லிவிட்டேன், போனில். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனுஷன், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அவரும் அண்ணனும் போனில் பேசுவதைக் கேட்டால் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி இருக்கும். எந்த ப்ராசஸர், எந்த போர்டு, எவ்வளவு வாட்ஸுக்குப் பவர் பெட்டி, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகுமா என்று மணிக்கணக்காக. என் போன் பில்லைப் பற்றி ரெண்டு பேருக்கும் கவலை கிடையாது.

ஒரு இடத்தில் ரெண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். பாய் என்னைக் கடைக்கு வரச்சொல்லி விளக்கினார். "உங்க அண்ணன் கேக்கற ப்ராசஸர் சூடு ஜாஸ்திப்பா. கேம் படத்த ஓட்டற கிராபிக்ஸ் கார்டும் அதே மாதிரி, அது மட்டுமே ஒரு அடுப்பு. ரெண்டையும் சின்னக் கேபினெட்ல, அதான் வெளிப்பெட்டில, போட்டா வெந்துடும். பெரிய கேபினெட் எடுத்துக்க. முன்னாடி ஒரு ஃபேன் காத்த உள்ள இழுக்கும், பின்னாடி ஒரு ஃபேன் வெளிய தள்ளும். ப்ராசஸர் மேலயும் சூட்ட வாங்கிக்கற ஹீட் சிங்க்க பெருசா போடு. இல்லாட்டி கார்ட சின்னதா எடு. ரெண்டுல ஒண்ணு." கையில் இருந்த காசுக்குப் பெரிய கார்டு, பெரிய கேபினெட் ரெண்டும் கட்டுப்படியாகாது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன்.

அண்ணன் சிரித்தான். "காத்து இல்லாட்டி ஓடாதா? நாம ஓட்டல? கார்டு பெருசாவே போடு."

இப்போது யோசித்தால் எரிச்சலாக இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சாமானுக்குக் காற்று வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாத விஷயம். எங்களுக்குத் தெரிந்த சாமான் ஒன்றே ஒன்று, அது காற்றே ஆகாத சாமான். பெரிய கார்டு, சின்னக் கேபினெட் என்று முடிவாயிற்று. பாய் தலையில் அடித்துக்கொண்டார். "பேஜார் பண்றீங்கப்பா," என்று சொல்லிக்கொண்டே ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து எல்லாவற்றையும் வரவழைத்துக் கொடுத்தார்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி, மடிமேல் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு ரெண்டு நாளில் மாட்டினான். நான் பக்கத்தில் நின்று ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன். ப்ராசஸருக்கும் அதன் மேலே உட்காருகிற ஹீட் சிங்க்குக்கும் நடுவே தடவ ஒரு சின்ன டியூபில் பசை கொடுத்திருந்தார் பாய். சூட்டைக் கடத்துகிற பசை, அரிசி அளவு போதும் என்றிருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து நான் மொத்த டியூபையும் பிதுக்கிவிட்டேன். குளிர்ச்சிக்குத்தானே, கூடக் கொஞ்சம் இருந்தால் என்ன என்று நினைத்தேன். மூலவருக்குச் சந்தனக்காப்பு சாத்துகிற மாதிரி அப்பியிருந்ததைப் பார்த்து அண்ணன் வாய்விட்டுத் திட்டினான். விழுந்த நாளிலிருந்து அவன் என்னை அப்படித் திட்டியதே இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பஞ்சால் துடைத்துத் துடைத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

அது ஓடியது. திரையில் கார் கிளம்பியதும் அண்ணனின் தோள் ரெண்டும் வளைவுக்கு வளைவு சாய்ந்தன. அன்றைக்கு ரெண்டு வேளை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், தறியில் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நெய்யாமலே இருந்தாள். இதற்காகத்தானே இத்தனை பாடு.

மாசி வரை எந்தத் தொல்லையும் இல்லை. பங்குனி பிறந்தது, ஷீட்டு காய ஆரம்பித்தது, வந்தது வினை. இருபது நிமிஷம் விளையாடுவான், திரை அப்படியே இருட்டாகிவிடும். சூடு தாங்காமல் மெஷின் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது என்றார் பாய். கேபினெட்டை ஜன்னலுக்குக் கீழே தரையில் வைத்திருந்தோம், அண்ணனுக்கு எட்டாது. நின்றால் நான்தான் எழுந்து வரவேண்டும். ஆறுகிறவரை காத்திருந்து பட்டனை அமுக்க வேண்டும். நான் அடுத்த அறையில் படுத்திருப்பேன். கண் அசருகிற நேரத்தில், "டேய்" என்பான். போய் அமுக்கிவிட்டு வருவேன். முக்கால் மணியில் மறுபடியும் "டேய்."

சும்மா சொல்லக்கூடாது, எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றித் திறந்தே வைத்தோம். அம்மா தன் பங்குக்கு, தறிக்குச் செய்வதுபோல ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாள். தண்ணீர் சொட்டி மெஷினுக்கு உள்ளேயே விழ இருந்தது. பாய் கேள்விப்பட்டு போனிலேயே அலறினார். ஒரு நாள் வந்து உள்ளே பார்த்தவர், ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே விரலை விட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு பத்தையை உரித்து எடுத்தார். பட்டுத் தூசு. நூல் சுற்றின அறை, சுவரெல்லாம் தூசு. ஹீட் சிங்க் மேலிருந்த சின்ன ஃபேன் அத்தனையையும் உறிஞ்சி வைத்திருந்தது. "உங்க வீட்டுல இதுக்கு மூக்கடைப்புப்பா," என்றார் பாய். அதிலிருந்து வாரம் ஒரு முறை பெயின்ட் பிரஷ்ஷால் துடைப்பதும் என் தலையில் விழுந்தது.

அப்புறம் தனியாக ஒரு கேபினெட் ஃபேன் வாங்கிவந்தேன். சின்னக் கேபினெட்டில் அதை மாட்ட ஓட்டை இல்லை. அண்ணன் பட்டு நூலை நாலாக முறுக்கி, கம்பியோடு சேர்த்து நாலு மூலையிலும் கட்டினான். அறுந்த இழையைக் கண்ணுக்குத் தெரியாமல் பிணைக்கிற கை, அசையாமல் நின்றது ஃபேன். ரெண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் கத்திரி வெயில் ஆரம்பம். திரை மறுபடியும் இருட்டு.

அந்த வாரம் கம்பெனியில் ஆள் பற்றாக்குறை. தொடர்ந்து ரெண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வந்திருந்தேன். கால் வீங்கியிருந்தது. டார்ச் அடித்து முதுகைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே விழுந்தேன். ஒன்பதே முக்காலுக்கு ஒரு "டேய்." பத்தரைக்கு ஒரு "டேய்." பதினொன்றேகாலுக்கு மூன்றாவது. எழுந்து போனேன். பட்டனை அமுக்கவில்லை. கட்டிலுக்கு எதிரே நின்று, தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"நான் மனுஷனா இல்லியா? இன்னொரு வாட்டி கூப்பிட்டின்னா இத எடுத்துக் கெணத்துல போட்டுடுவேன். செத்தாலும் என்னக் கூப்பிடாத."

கூடத்தில் தறிச் சத்தம் நின்றது. அண்ணன் கீ போர்டை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தான். "சரிடா, போய்ப் படு," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நானும் போய்ப் படுத்தேன். அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினேன்.

அதன் பிறகு மெஷின் நிற்கவே இல்லை.

நிஜமாகத்தான் சொல்கிறேன். மறுநாள் கூப்பிடவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. அடுத்த அறையிலிருந்து கார் உறுமுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தமே எனக்குத் தாலாட்டாகிவிட்டது. அண்ணன் ஏதோ கட்டித் திருத்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பாய் கடைப் பக்கம் போனபோது பெருமையாகக்கூடச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "இந்த வெயில்லயா? அந்த ஒரு சின்ன ஃபேனுக்கு அவ்ளோ சூடு அடங்காதேப்பா." உங்களுக்கு எங்கள் அண்ணன் கையைப் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த நாட்களில் ஷிப்டிலிருந்து வந்தால் அறை வாசலில் நின்று, "எல்லாம் சரியா இருக்குதா?" என்று கேட்பேன். "இருக்குது, போய்ப் படு," என்பான். டார்ச் ஆணியில் தொங்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்ப் படுப்பேன். பிறகு கேட்பதுகூட நின்றுபோனது. கையை மட்டும் தூக்கிக் காட்டுவேன், அவனும் தூக்கிக் காட்டுவான். அவன் சொல்வதை நம்பாதே என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. நம்பினால் தூங்கலாம், அதனால் நம்பினேன்.

மூன்றாவது வாரம் அமாவாசை வந்தது. தறி லீவு என்பதால் அம்மா அண்ணனின் படுக்கையைப் பிரித்து உதறித் துவைக்க எடுத்தாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து தோளைத் தொட்டாள். "எழுந்து வந்து கொஞ்சம் பாருப்பா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. கறுப்பா என்னவோ இருக்குது."

போய்ப் பார்த்தேன். டார்ச் தேவைப்படவில்லை. பழைய புண் இருந்த அதே இடம், எட்டணாக் காசு அகலம், நடுவில் கறுத்து ஓரம் சிவந்து. சுற்றிலும் தோல் தண்ணீரில் ஊறிய மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. மெத்தையைத் தொட்டேன். நசநசவென்று ஈரம். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் முதுகில் ஒரு பொட்டுக் காற்று இல்லை. ஃபேனின் கழுத்து ஜன்னல் பக்கம் முழுதாகத் திரும்பியிருந்தது. திறந்து கிடந்த கேபினெட்டுக்குள் நேராக அடித்துக்கொண்டிருந்தது. அந்த ஃபேனுக்குத் திருகு லூஸ், தானாகத் திரும்பிக்கொள்ளும். திரும்பாமல் இருக்கப் பட்டு நூலைப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தான். அம்மா திருப்பிப் போட வரும்போதெல்லாம், "இன்னும் கொஞ்ச நேரம்மா, இந்த ரேஸ் முடியட்டும்," என்று சொல்லி மணிக்கணக்கில் வேர்வையில் உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறான். அம்மாவும் பிள்ளை சந்தோஷமாக இருக்கிறான் என்று விட்டுவிட்டுத் தறிக்குப் போயிருக்கிறாள். ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது, அவளுக்கு அது போதும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று, ஃபேனே இல்லாத வீட்டில் வாழ்ந்தவளுக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

நூலை அவிழ்த்து ஃபேனை அவன் பக்கம் திருப்பினேன். "ஏண்ணா இப்படிப் பண்ண? ஒரு கேமுக்காகவா?"

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். முகம் தெரியவில்லை. "அது நின்னா உன்னக் கூப்பிடணும். நீ தூங்கிக்கினு இருந்த," என்றான். கொஞ்சம் பொறுத்து, "காத்து இல்லாம உக்கார்றது எனக்கென்ன புதுசா?" என்றான்.

விளையாடாமல் இருந்திருக்கலாமே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. சத்தம் நின்றிருந்தால் நான் எழுந்து வந்து ஏன் விளையாடவில்லை, சாப்பிட்டாயா, கோபமா என்று கேட்டிருப்பேன். அதுவும் என் தூக்கத்தைக் கெடுக்கிறதுதானே. அவன் அதையும் யோசித்திருப்பான். எனக்கு அவனைத் தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னதில்லை, அண்ணனிடமும் சொன்னதில்லை. அந்த ஃபேன் திரும்பியிருந்ததை நான் முன்பே பார்த்தேன். நான் கத்திய நாலைந்து நாள் கழித்து, ஒரு காலையில் ஷிப்டு முடித்து வந்தபோது. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். ஃபேன் ஜன்னலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போய்க் கழுத்தைத் திருப்ப நாலு எட்டு வைக்கவேண்டும். எழுந்ததும் அவனே திருப்பிக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெஷின் ஏன் நிற்பதில்லை என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது வேண்டாம் என்று போய்ப் படுத்துக்கொண்டேன். களைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். களைப்புத்தான். ஆனால் நாலு எட்டு வைக்க முடியாத களைப்பு என்று ஒன்று கிடையாது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. சதையை வெட்டி எடுத்தார்கள். காய்ச்சல் ஏறி ரெண்டு நாள் அண்ணன் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தான். ஐந்து மாதம் குப்புறப்படுத்தே இருந்தான். நான் நைட் ஷிப்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துப் பகல் ஷிப்டுக்கு மாறினேன். தினமும் டார்ச். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அலாரம் வைத்து எழுந்தேன், பிறகு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடும். புண் ஆறியது. ஆள் பிழைத்தான். எப்படிப் பிழைத்தான் என்று டாக்டருக்கே ஆச்சரியம்.

பாயிடம் சொல்லிப் பெரிய கேபினெட்டும் பெரிய ஹீட் சிங்க்கும் போட்டேன். மூன்று ஃபேன். எவ்வளவு வெயிலானாலும் மெஷின் நிற்பதில்லை. எட்டுகிற தூரத்தில் சுவிட்சும் வைத்துக் கொடுத்தேன். அண்ணன் இப்போது அதிகம் விளையாடுவதில்லை. எனக்காக ஒரு பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டுவான்.

ஆனால் அன்றிலிருந்து அவன் என்னைக் கூப்பிடுவதில்லை. தண்ணிக்கு இல்லை, திருப்பிப் போட இல்லை, எதற்குமே இல்லை. நானாகப் போய்க் கேட்டால் சொல்லுவான். கேட்காவிட்டால் அப்படியே கிடப்பான். கோபமெல்லாம் கிடையாது. என்னோடு பேசுவான், சிரிப்பான், பாயைக் கேலி செய்வான். கூப்பிடமட்டும் மாட்டான்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூக்கத்திலிருந்து எழுந்து தற்செயலாக அவன் அறைப் பக்கம் போனேன். தண்ணீர்ச் செம்பு கை தவறிக் கீழே உருண்டு கிடந்தது. தரையில் கொட்டின தண்ணீர் காய்ந்தே போயிருந்தது. அவன் உதடு வெடித்திருந்தது. செம்பைப் பார்த்தபடி கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தான். எனக்குத் தாங்கவில்லை. "பக்கத்து ரூம்லதான இருந்தேன்? கூப்பிட வேண்டியதுதான?"

"நீ தூங்கிக்கினு இருந்தடா."

தண்ணீர் கொண்டுவந்து தலையைத் தூக்கிக் கொடுத்தேன். செம்பு முழுக்கக் குடித்தான். வாயைத் துடைத்துவிட்டேன். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இத்தனை வருஷமும் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "ஒரு வாட்டி கூப்பிடுண்ணா. சும்மாவாச்சும் கூப்பிடு. நான் கேக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான்.

"எதுக்குடா? நீதான் வந்துட்டியே," என்றான்.